மேடைக்கு முதுகு காட்டி நின்றவர்

தோட்டத்துப் பையன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில், போரில் இறந்த புலிகளை நினைக்கும் நவம்பர் 27 மாவீரர் நாள் விளக்கேற்றல். செம்பனைத் தோட்டங்களிலும் கார் கழுவும் கடைகளிலும் வேலை செய்த ஈழத்துப் பையன்கள் நிறைய வந்திருந்தார்கள். ஓர் ஆள் மட்டும் மேடைக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நிறுத்தி. "அண்ணன், விளக்கு அந்தப் பக்கம் எரிகிறது" என்றேன். "ஞாபகத்துக்குத்தான் தம்பி" என்று சிரித்தார். யாருடைய ஞாபகத்துக்கு? இலங்கை உளவுத்துறையின் ஞாபகத்துக்கா? பிறகு அவரே எல்லோருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்து, யார் எந்த ஊர், உடன்பிறந்தவர்கள் எங்கே என்று விசாரித்தார். பையன்கள் ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

பால்மரத்தான்:
கைப்பேசி தூக்கியவரெல்லாம் உளவாளி என்றால், என் கல்யாண வீடியோக்காரரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். எங்கள் லயத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பையன்களுக்கு யூஎன் அகதிகள் அலுவலகப் படிவம் நிரப்பித் தருவார். "இவருக்கு எப்படி எல்லாம் தெரிகிறது?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஒட்டுக்கடையில் அவர் உட்கார்ந்தால் மேசையே காலியாகிவிடும். ஒருநாள் விடியுமுன் சாமான்களை லாரியில் ஏற்றிப் போய்விட்டார். படிவம் நிரப்ப ஆளில்லை. உண்மையான ஒற்றன் இங்கே வரவே வேண்டாம், வந்திருக்கிறான் என்ற பேச்சே அவன் வேலையைச் செய்துவிடுகிறது.

வன்னியான்:
பால்மரத்தான் அண்ணை, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளிநொச்சியில் அம்மாவைத் தேடிச் சாதாரண உடையில் இருவர் வந்தார்கள். ஒரு படத்தைக் காட்டி "இவர் உங்கள் மகன்தானே?" என்றார்கள். நான் பெரிய கிடாரத்தில் சாம்பார் கிளறும் படம். அம்மா போனில் முதலில் சொன்னது, "மெலிந்து போய்விட்டாய் மகன்" என்பதுதான். அதற்குப் பிறகே அழுதார். அது கோயில் சமையல்கட்டுக்குள் எடுத்த படம். வெளியாள் அங்கே நுழைய முடியாது. என்னோடு வெங்காயம் உரித்தவர்களில் ஒருவர். அவர்களோடுதான் இன்றும் ஒரே அறையில் படுக்கிறேன்.

ஈப்போ அக்கா:
என் கதை சின்னது. என் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒருவர், கூட இருந்த பையன்களின் யூஎன் அட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றே காலி செய்யச் சொல்லிவிட்டேன். ஆனால் தம்பிகளே, இதைக் கேளுங்கள். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அட்டை இருந்தாலும் குடிநுழைவுச் சட்டம் உங்களை அகதியாகப் பார்க்காது. 2009 ஆகஸ்டில், புலிகளுக்கு ஆயுதம் வாங்கும் பொறுப்பில் இருந்த கே.பி.யைக் கோலாலம்பூரில் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். அவர் பெரிய ஆள், நாம் யார் என்று நினைக்காதீர்கள். 2014 மே மாதம் மூவரை இலங்கைக்கு அனுப்பினார்கள். யூஎன் அகதிகளாக ஏற்றவர்களும் அதில் இருந்தார்கள். ஆகவே அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். கூட்டப் படங்களை முகநூலில் போடாதீர்கள். ஊர் விவரம் கேட்பவரிடம் முதலில் அவர் ஊரைக் கேளுங்கள். வழக்கறிஞரின் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், பிடித்தால் கைப்பேசி உங்கள் கையில் இருக்காது. உங்கள் கைப்பேசி எண்ணை அடிக்கடி மாற்றுங்கள். பயத்தில் தூக்கம் வராவிட்டால் காலையில் நடந்து பாருங்கள், எனக்குச் சர்க்கரையும் குறைந்தது.

வன்னியான்:
அக்கா, எண்ணை மாற்றினால் யூஎன் நேர்காணல் அழைப்பு பழைய எண்ணுக்குப் போய்விடும். கடை முதலாளியும் கூப்பிட மாட்டார். அதை விடுங்கள். நீங்கள் காலி செய்யச் சொன்னவர் இடக்கைப் பழக்கம் உள்ளவரா?