சமையலறை இல்லாத அறை

குழு: அப்பத்தா வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு இரவு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். மே மாதப் பயணம் வழக்கம்போலத்தான். முதலில் கொடைக்கானல், பிறகு ராமேஸ்வரம். போன ஆண்டு தங்கிய தனி வீட்டையே கேட்டு வைத்திருக்கிறேன். நான்கு அறைகள், பெரிய சமையலறை. முன்பணம் கேட்கிறார்கள்.

மாமா: அருமை மச்சான். அந்த வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து குடித்த காபி இன்னும் நாக்கில் இருக்கிறது.

கல்யாணி அத்தை: அதைப் போட்டது யார் என்று நாக்குக்கு நினைவிருக்கிறதா?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கல்யாணி அத்தை: நீக்குவதற்குள் படித்துவிட்டேன். அண்ணே, முன்பணம் அனுப்ப வேண்டாம். நான் வரவில்லை.

பெரியப்பா: என்னம்மா திடீரென்று?

கல்யாணி அத்தை: திடீரென்று இல்லை, ஒரு வருடமாக மனதில் கிடக்கிறது. கொடைக்கானலில் என்ன பார்த்தாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சன்னல், அதன் வழியாக ஒரு யூகலிப்டஸ் மரம். அதைத்தான் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் ஏரியைச் சுற்றிவிட்டு வரும்போது பசியோடு வருவீர்கள். மதினி இருவரும் நானும் தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. வீட்டில் பதினான்கு பேருக்குச் சமைப்பதை மலைமேல் போய்ச் சமைத்தால் அதற்குப் பெயர் சுற்றுலாவா?

அம்மா: பருப்பு வேகாமல் போனதை விட்டுவிட்டாய் கல்யாணி.

கல்யாணி அத்தை: அதை எப்படி மறப்பேன் மதினி! திறந்த பாத்திரத்தில் வைத்தேன். அரை சிலிண்டர் போயிருக்கும், பருப்பு பல்லாங்குழி முத்து மாதிரி அப்படியே கிடந்தது. கடைசியில் “கல்யாணிக்குச் சாம்பார் கைவரவில்லை” என்று ஒருவர் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன்.

கவின்: அம்மா, அது உங்கள் தவறே இல்லை. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இருந்தால்தான் பருப்பு ஒழுங்காக வேகும்.

கல்யாணி அத்தை: இதை அன்றைக்கே உன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே கண்ணு.

மாமா: நான் அந்தச் சாம்பாரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள்

பெரியப்பா: இரவு முழுக்க யோசித்தேன். கல்யாணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இத்தனை பேருக்கு மூன்று வேளையும் ஓட்டலில் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

பெரியம்மா: கணக்கை நான் போட்டுவிட்டேன். சீசனில் அந்தத் தனி வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறைகள் ஐந்து கிடைக்கும், கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். மெஸ்ஸில் இட்லியும் அளவுச் சாப்பாடும் சாப்பிட அது போதும். போன முறை மளிகைக்கும் சிலிண்டருக்கும் ஆனதை நீங்கள் கணக்கில் எழுதவே இல்லை. அது என் பையிலிருந்து போனது.

பெரியப்பா: இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?

பெரியம்மா: நீங்கள் பில்லர் ராக்ஸ் பார்க்கப் போயிருந்தீர்கள்.

செந்தில் அண்ணன்: சரி, அறையை விடுங்கள். என் புதிய காரில் அப்பத்தா, மாமா, அத்தை வரலாம். மற்றவர்களுக்கு இன்னும் இரண்டு கார் போதும்.

நான்: அண்ணா, மூன்று காருக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. மதுரை ஆரப்பாளையத்தில் ஏறினால் நேரே கொடைக்கானல்.

செந்தில் அண்ணன்: புதிய காரை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவதா?

அம்மா: செந்தில், உன் மகன் போன ஆண்டு பழைய காரில் வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து பெருமாள்மலை வரை என்ன செய்தான் என்று நினைத்துப் பார். புதிய இருக்கை உறைக்கு அந்த கதி வேண்டுமா?

செந்தில் அண்ணன்: பஸ்ஸே போதும் சித்தி.

கவின்: தண்ணீர் பாட்டில் யாரும் வாங்கி வர வேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமா: சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மலையில் மெஸ் இட்லிக்குச் சம்மதம். ஆனால் ராமேஸ்வரத்தில் வஞ்சிரம் வறுவல் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கவின்: அப்பா, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது.

மாமா: நாட்டுப்படகு போகுமே!

கவின்: போகும். கரையோரம் கிடைப்பதைக் கொண்டுவரும். வரத்துக் குறைவு, விலை கூடுதல். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதம் உங்கள் தட்டில் வஞ்சிரம் விழுந்தால் அது அநேகமாகக் குளச்சல் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கும்.

மாமா: ஐம்பது வருடமாக மீன் சாப்பிடுகிறேன், இப்படி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தேன்.

பெரியப்பா: கொடைக்கானல் ஏரியும் மீனும் சொந்தந்தான் மாப்பிள்ளை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. அவரே மீனும் விட்டார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது.

நான்: பெரியப்பா, அந்தப் படகு இ-பாஸ் எடுத்ததா?

பெரியப்பா: தேன்மொழி, உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன்.

செவ்வாய்

நான்: அப்பத்தா என் பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்வதைத் தட்டுகிறேன்.

“என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறேன். உங்கள் அப்பா இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பையும் உரச்சாக்கில் அரிசியையும் தூக்கிக்கொண்டுதான் மலைக்குப் போனோம். திரும்பி வந்ததும் எனக்கு இடுப்பு வலி, அவருக்கு ஏரி அழகு. கல்யாணி வாய்விட்டுச் சொன்னாள். நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முறை ஒருத்தியும் கரண்டி தூக்க வேண்டாம்.

அப்புறம் எனக்கு ஒன்று வேண்டும். பாம்பனை ரயிலில் தாண்ட வேண்டும். போன தடவை சாலைப் பாலத்தில் வேனில் கூட்டிப்போனீர்கள். பக்கத்தில் ரயில் பாலம் சும்மா கிடந்தது. எங்கள் அப்பா தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனவர். என்னை ஒரு தடவை வழியனுப்பக் கூட்டிப்போனார். பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும். கீழே பார்த்தால் கைப்பிடிச் சுவரே கிடையாது, தண்ணீர்தான். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.”

கவின்: அம்மாச்சி, இப்போது தாராளமாகப் போகலாம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தாயிற்று. கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகும்.

நான்: அப்பத்தா கேட்கிறார்: “கைப்பிடிச் சுவர் இருக்கிறதா?”

கவின்: பார்த்துவிட்டு நேரில் சொல்கிறேன் அம்மாச்சி.

பெரியப்பா: சரி அம்மா. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் இறங்கி, ஓர் இரவு கல்யாணி வீட்டில் தங்கி, காலை ரயிலில் ராமேஸ்வரம்.

கல்யாணி அத்தை: தங்கலாம் அண்ணே. இரவுக்குப் பரோட்டா பார்சல்.

பெரியப்பா: பரோட்டா பார்சல், ஒப்புக்கொள்கிறேன். கோயிலில் தீர்த்தமாட அரை நாள் போதும். மறுநாள் விடியற்காலையில் தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனை. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது.

அம்மா: அங்கே பிள்ளைகளை இடது பக்கம் மட்டும் விடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் மே கடைசியில் காற்று பிடித்துவிட்டால் அலை ஆளைத் தூக்கும். இரண்டு பக்கமுமே இழுப்பு உண்டு, முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது.

பெரியம்மா: தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஒருத்தி சிரட்டையில் மொண்டு எனக்குக் கொடுத்தாள். உப்பே இல்லை. 1964 புயலுக்குப் பிறகு அங்கே மின்சாரம்கூட இல்லாமல் எத்தனை காலம் இருந்தார்கள்! அந்த ஊற்றை நம்பித்தான் குடும்பம் நடத்தினார்கள். பாழடைந்த மாதா கோயிலின் முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் ஒரு நிமிடம் அதையும் பார்க்கலாம்.

செந்தில் அண்ணன்: அம்மா, இதையெல்லாம் எப்போது பார்த்தீர்கள்?

பெரியம்மா: ராமேஸ்வரத்தில் நாம் எடுத்த அறையில் சமையலறை இல்லையே, அதனால் பார்த்தேன்.

கல்யாணி அத்தை: மதினி!

மாமா: கொடைக்கானல் திட்டத்தில் பூம்பாறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பூண்டு வாங்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, 2019இல் கிடைத்தது. நானே உரித்துத் தருகிறேன்.

கல்யாணி அத்தை: இந்தச் செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

புதன்

பெரியப்பா: அறைகளுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தனி வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு மின் கெட்டில் மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் வேறு எதுவும் வேக வைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. முடிந்ததா?

மாமா: ஒரே ஒரு சந்தேகம். ராமேஸ்வரம் ரயிலுக்குக் கட்டுச்சோறு?

மாமா: யாராவது பதில் சொல்லுங்கள்.

மாமா: எல்லோரும் படித்துவிட்டீர்கள், நீல டிக் தெரிகிறது.

கல்யாணி அத்தை: செந்தில் புளியோதரை செய்கிறான். புளிக்காய்ச்சல் குறிப்பை அவனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீங்கள் உருளைக்கிழங்கு வறுவல். மதுரை சமவெளிதான், கிழங்கு நன்றாக வேகும்.

செந்தில் அண்ணன்: அத்தை, பெருங்காயம் கட்டியா, தூளா?