வெயில் காப்பீடு நம்ம டெல்டாவுக்குச் சரிப்படுமா?

டெல்டாக்காரன்:
குஜராத்தின் சேவா (SEWA) என்ற உழைக்கும் பெண்கள் சங்கம் செய்கிற வெயில் காப்பீடு இங்கேயும் வரவேண்டும். 2024-இல் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிராவில் 50,000 உழைக்கும் பெண்கள் சேர்ந்தார்கள், மே மாத வெயிலில் 46,339 பேருக்குப் பணம் கிடைத்தது. மனு, டாக்டர் சீட்டு எதுவும் வேண்டாம், வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால் கணக்கில் விழுந்துவிடும். 40 டிகிரி தாண்டியதற்குத் தனியாக 400 ரூபாய் உதவித்தொகை.

வரப்போரம்:
2023-இல் 21,000 பேரைச் சேர்த்தார்களே, அளவைத் தொடாததால் அந்த வருடம் காப்பீட்டுப் பணமே வரவில்லை, அதையும் சொல்லுங்கள். அங்கே காய்கிற வெயில் வேறு. நாகப்பட்டினம் பக்கம் 37, 38-லேயே காற்றிலுள்ள ஈரத்தால் வேர்வை காயாமல் உடம்பு கொதிக்கும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் எங்கள் பெண்கள் மயங்கி விழுந்தாலும் கம்பெனிக்குச் செலவே கிடையாது.

டெல்டாக்காரன்:
ஈரத்தையும் சேர்த்து அளவு வைக்கச் சொல்வோம். அதற்காகத் திட்டமே வேண்டாமா? இல்லையென்றால் வேலையை விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடிக்கட்டும்.

பருத்திக்காடு:
அண்ணே, 4 மணிக்கே எழுந்து உலை வைக்கிறவளை இன்னும் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள்? அதுவும் கோடைப் பருத்தி எடுக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, நிழலில் உட்கார்ந்தால் அவள் காசுதான் போகும். ஒதுங்க இடமில்லாததால் மதியம்வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனை பேர் தெரியுமா, நீர்க்கடுப்பு வந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வந்ததே, வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைகிற ஆபத்து இரண்டு மடங்கு. அதே வருடம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன?

பண்ணைவீடு:
எல்லாம் சரிம்மா, நாள்கூலி கொடு, நேரத்தைக் குறை, கொட்டகை போடு என்றால் யார் தலையில் விழும்? பருத்தி விலையை நானா வைக்கிறேன்?

பருத்திக்காடு:
கூலியை விடுங்கள் ஐயா. உங்கள் மோட்டார் கொட்டகையைப் பூட்டாமல், பக்கத்தில் நாலு கீற்றை மறைத்துக் கட்டி ஒரு குடம் தண்ணீர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பண்ணைவீடு:
திறந்து போடச் சொல்கிறாய். ஒயரை உருவிக்கொண்டு போனால் நீ வாங்கித் தருவாயா?