'உறவு விலை'யா, 'தம்முள் விலை'யா?

ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் விலையை, டிரான்ஸ்ஃபர் பிரைசிங்கை, 'மாற்று விலை' என்றும் 'பரிமாற்ற விலை' என்றும் எழுதுகிறோம். வாடிக்கையாளரின் சரக்கை அனுப்பிவைக்கும் சரக்குத் துறையில் இரண்டும் குழப்புகின்றன. அங்கே சரக்கு மாற்றுவது என்றால் ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது. குழும நிறுவனங்களுக்குள் பொருள் எதுவும் விற்கப்படுவதும் இல்லை, சரக்கு வாடிக்கையாளருடையது. ஏற்றுமிடத்தில் ஒரு நிறுவனமும் இறக்குமிடத்தில் இன்னொன்றும் உழைக்கின்றன, பணமோ ஒருவர் கைக்குத்தான் வருகிறது.

வாடிக்கையாளர் தருவது 1,000 என்று வையுங்கள். கப்பல் கட்டணம் 700. லாரி, டெர்மினல் செலவு ஏற்றுமிடத்தில் 80, இறக்குமிடத்தில் 60. மிச்சம் 160, பாதிப்பாதி என்றால் ஆளுக்கு 80. ஏற்றுமிடத்தில் வசூலானால் அங்கிருந்து 60+80=140 போக வேண்டும். இறக்குமிடத்தில் வசூலாகி, கப்பல் கட்டணத்தை ஏற்றுமிடத்தார் கட்டியிருந்தால், 700+80+80=860 திரும்ப வர வேண்டும். மிச்சத்தைக் கணக்கிடும்போது கழிக்க வேண்டியது வெளியாருக்குக் கொடுத்ததை மட்டும். சம்பளத்தையும் அலுவலக வாடகையையும் கழித்தால் ஒருவரின் வீண்செலவை மற்றவர் சுமப்பார். நட்டத்தையும் இதே விகிதத்தில் பிரிக்க வேண்டும். அந்தச் சரக்கின் கணக்கை மூடியபின் வரும் கூடுதல் கட்டண பில் விட்டுப்போனால் பங்கே தப்பாகிவிடும்.

உறவில்லாத ஏஜென்டுகளும் இப்படிப் பாதிப்பாதி பிரித்துக்கொள்வது துறை வழக்கம். குழும நிறுவனங்கள் தமக்குள் வைத்த விலை உறவில்லாதவர்கள் வைக்கும் விலையை ஒத்திருக்கிறது என்று வரி அதிகாரியிடம் சான்றாக நிற்பது அந்த வழக்கம்தான். எனவே உறவில்லாதவர்கள் வைக்கும் விலைக்கு, ஆர்ம்ஸ் லெங்த் விலைக்கு, 'அயலார் விலை' என்றும், டிரான்ஸ்ஃபர் பிரைசிங்குக்கு 'உறவு விலை' என்றும் வைக்கலாம். சொல்லுக்குச் சொல்லாக 'கைநீள விலை' என்றால் யாருக்கும் புரியாது.

* * *

ஐயா, 'அயலார் விலை' மிகப் பொருத்தம். 'உறவு விலை' மட்டும் இடிக்கிறது. உறவுக்காரருக்குக் கொடுத்த சலுகை விலை என்றே காதில் விழும். வரி விதி கேட்பதோ சலுகை கூடாது என்று. 'உள்விலை' என்றால் உள்நாட்டு விலையாகிவிடும். 'தம்முள் விலை' எப்படி? தம்முள், அயலார் என்று எதிரெதிராகவும் நிற்கும்.

சரக்குத் துறைக்கு இன்னொரு பிரிவும் தேவை. இறக்குமிடத்தில் டெலிவரி ஆர்டர், அதாவது சரக்கைப் பெறுபவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் சீட்டு, கொடுப்பது மட்டுமே வேலையென்றால் பாதி இலாபம் தருவது மிகை; சரக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்றோ, ஆன செலவின்மேல் ஒரு விழுக்காடு என்றோ வைப்பார்கள். அதற்குத் 'தம்முள் கட்டணம்', நீங்கள் காட்டிய 80-க்குத் 'தம்முள் பங்கு'. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் ஒப்பந்தத்தில் எந்த முறை என்றே தெரியாமல் போகும்.