அதிபரின் துணைவருக்கு அரசியலில் இடம் உண்டா?

கோத்தகிரி வாசகி:

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில், பெயர் வேண்டாம், 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்த தலைவரின் காலத்தில் நடந்த ஒரு கிராம சபையை இன்னும் மறக்க முடியவில்லை. தலைவரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். குடிநீர்த் தொட்டியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் எழுந்து பதில் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடும் நேரம் வந்தபோது, ஊராட்சி முத்திரை அந்த மனிதரின் கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட அதற்கு முகம் சுளிக்கவில்லை.

நாடாளும் அதிபரின் துணைவர் விஷயத்திலும் எனக்கு இதே கேள்விதான் எழுகிறது. 1919 அக்டோபரில் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபின், எந்தக் கோப்பு அவர் பார்வைக்குப் போகலாம், யார் அவரைச் சந்திக்கலாம் என்பதை மாதக்கணக்கில் முடிவு செய்தவர் அவருடைய மனைவி எடித். அரசு விவகாரம் எதிலும் தாம் முடிவெடுக்கவில்லை என்றும், எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதை மட்டுமே தீர்மானித்ததாகவும் அவர் பின்னாளில் விளக்கம் அளித்தார். அதைவிடப் பெரிய அதிகாரம் வேறென்ன இருக்கிறது? துணைவர் அரசியலில் தலையிடக் கூடாது. தலையிட்டே தீர வேண்டுமென்றால், அவருக்கென்று ஒரு பதவியைச் சட்டம் வகுத்து, பொறுப்பையும் சேர்த்தே சுமத்த வேண்டும்.

குன்னூர் ஓய்வாளர்:

அம்மா, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல. நீங்கள் கண்டது செல்வாக்கு அன்று. பெண்ணுக்கென்று சட்டம் ஒதுக்கிய நாற்காலியை ஓர் ஆண் பறித்துக்கொண்டது. வில்சன் விஷயத்திலோ ஓட்டை சட்டத்தில் இருந்தது, பழி மட்டும் மனைவியின் தலையில் விழுந்தது. அதிபர் செயலிழந்தால் அதை யார் அறிவிப்பது, யார் பொறுப்பேற்பது என்பது அன்றைய அரசியல் சட்டத்தில் தெளிவாக இல்லை. 1967-இல் நிறைவேறிய 25-ஆவது திருத்தம்தான் அதற்கு வழி செய்தது.

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாரை எண்ணிப் பாருங்கள். இளம்பிள்ளை வாதத்தால் கணவர் துணையின்றி நடக்க முடியாதவராக இருக்க, இவர் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் வரை நேரில் சென்று, கண்டதை அவரிடம் வந்து சொன்னார். 1933 மார்ச்சில் தொடங்கிய அவருடைய செய்தியாளர் சந்திப்புகளுக்குப் பெண் நிருபர்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். செய்தி வேண்டுமானால் பத்திரிகைகள் ஒரு பெண்ணையாவது வேலையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்தப் பழக்கத்தில் தேர்ந்தவர்தான் கணவர் இறந்தபின் ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, 1948 டிசம்பர் 10-இல் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறக் காரணமானார். தலையிடாதே என்று 1933-லேயே வாயை அடைத்திருந்தால் நட்டம் யாருக்கு?

கூடலூர் ஆசிரியர்:

எலினார் ஒருவரை வைத்துப் பொது விதி வகுத்துவிட முடியாது, ஐயா. 1981 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் சுடப்பட்டபின், அவர் மனைவி நான்சி ஒரு சோதிடரைக் கலந்துகொண்டு கணவரின் பயண நாட்களிலும் நிகழ்ச்சி நேரங்களிலும் மாற்றங்கள் செய்யவைத்தார். நாள் பார்க்காமல் வீட்டுக்கு நிலை வைக்காத ஊர்க்காரன் நான், அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு வல்லரசின் நாட்காட்டி யார் சொல்லுக்கு அசைகிறது என்பது மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருந்தது. நான்சியோடு மோதிய வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் டொனால்டு ரீகன் (பெயர் ஒற்றுமைதான், அதிபரின் உறவினர் அல்லர்) 1987 பிப்ரவரியில் பதவியை விட்டு விலக நேர்ந்து, மறு ஆண்டு அவர் எழுதியபோதுதான் விஷயமே வெளியே வந்தது. மனைவியைப் பதவிநீக்கம் செய்ய எந்த நாடாளுமன்றத்தாலும் முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

குன்னூர் ஓய்வாளர்:

நான்சி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் சட்டம் வகுத்தால் சரியாகிவிடும் என்று அம்மையார் நம்புவதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், அதிபரின் கடமைகளில் உதவும் துணைவருக்கு அரசுச் செலவில் பணியாளர் உதவி அளிக்க வழி செய்திருக்கிறது. பிறகு 1993-இல் பில் கிளிண்டன், மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழுவுக்குத் தம் மனைவி ஹிலாரியைத் தலைவராக்கினார். வெளியாட்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் திறந்த கூட்டம் நடத்த வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, மருத்துவர் சங்கம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக்காட்டி, இந்தப் பொருட்டில் அதிபரின் மனைவியை அரசு அலுவலராகவே கருதலாம் என்றது. அவர் வெளியாள் அல்லர் என்று ஆனதால் குழுவுக்கு அந்தத் திறந்த கூட்டச் சட்டமே பொருந்தாமல் போயிற்று. அங்கீகாரம் கொடுத்தார்கள், கதவு சாத்திக்கொண்டது.

கோத்தகிரி வாசகி:

அந்தத் தீர்ப்பின் இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பதவி கொடுக்க வேண்டும் என்றதைத் திருத்திக்கொள்கிறேன்; பதிவு வேண்டும் என்கிறேன். பிரான்சில் 2017-இல் அதிபர் மக்ரோனின் மனைவி பிரிஜித்துக்கு அதிகாரப்பூர்வத் தகுதி தரும் திட்டத்தை லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தபின், அதிபர் மாளிகை பதவி எதுவும் தராமல், அவருடைய பணிகள் என்னென்ன, சம்பளம் கிடையாது என்பதை எழுத்தில் வெளியிட்டது. எனக்கு அது போதும். நம் ஊராட்சியிலும் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் என இருவர் கையெழுத்து வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் சபையில் யார் பதில் சொன்னார் என்று புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அடுத்த தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கிராம சபையில், பதில் சொன்னவரின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பேன். வீட்டுக்காரர் எழுந்தால் அவர் பெயரையே எழுதட்டும்.

குன்னூர் ஓய்வாளர்:

எழுதினால், இல்லாத பதவியைப் புத்தகமே அவருக்குக் கொடுத்ததாகிவிடும், அம்மா. கிளிண்டன் வழக்கில் நடந்தது அதுதானே. முத்திரையைத் தலைவரம்மாவின் மேசைமேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கூடலூர் ஆசிரியர்:

மேசைமேல் வைத்தாலும், ஐயா, அலமாரிச் சாவி யாரிடம் என்பதையும் கேட்க வேண்டியிருக்கும்.