பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 டீசல் கார் இழுவைக்குத் தாங்குமா?

கேள்வி: 2012 மாடல், மேனுவல், 1.6 லட்சம் கி.மீ. ஓடியது. ஒன்றரை டன் படகு டிரெய்லர் இழுக்கணும். எஞ்சினில் எதைப் பார்க்கணும்?

பதில் 1: 343 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை), தாராளம். பயமெல்லாம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர்தான். அது கசிந்தால் எரிந்த புகை ஆயிலில் கலந்து கரி சேரும், ஆயில் உறிஞ்சும் சல்லடை அடைபடும், பிரஷர் விழுந்து பேரிங்கும் டர்போவும் போகும். எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை (சம்ப்) கழற்றிச் சல்லடையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

பதில் 2: டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) 1.5 லட்சம் கி.மீ.யில் மாற்றியிருக்கணும். பில் இல்லையா, விலையில் கழிச்சு உடனே மாற்றிடுங்க.

பதில் 3: மேட்டில் நாலாவது கியரில் முழுசா மிதிங்க. வேகம் ஏறாமல் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறினால் கிளட்ச் முடிஞ்சது. அந்த எடைக்கு டிரெய்லரிலும் தனி பிரேக் கட்டாயம் வேணும்.