பாடல் நடத்துகிறவர்களைச் சபை எப்படி நடத்துகிறது?

தாமிரபரணி எழுதியது:

எங்களுக்குப் பக்கத்துச் சேகரத்தில் (போதகர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) ஞாயிறு ஆராதனைப் பாடல்களை நடத்திவந்த தங்கை ஒருத்தி, இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று போதகரான ஐயரிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். வெள்ளிக்கிழமை மாலை பாடல் பயிற்சிக்கு பஸ் பிடித்து வருகிறவள். அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து அவள் வாசலில் நின்றபோது, ஒரு பெரியவர் வந்து "பாமாலையைக் கொன்றுவிட்டாய்" என்றார். பாமாலை என்பது எங்கள் பழைய ஞானப்பாட்டுப் புத்தகம். அடுத்து வந்த அம்மா அவளுடைய துப்பட்டாவைப் பற்றிச் சொன்னார். கமிட்டி உறுப்பினர் ஒருவர், "உன் அப்பாவின் முகத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சற்று முன்புதான் நற்கருணை எடுத்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்துக்குள், பாடல் நடத்தியவரிடம் யாரும் எந்தக் குறையும் சொல்லக் கூடாது என்று சபைகள் ஒரு விதியே செய்யவேண்டும் என்பது என் கருத்து. சொல்லியே ஆகவேண்டும் என்றால் வாரநாளில் ஐயரிடம் சொல்லட்டும். எது அவள் காதுக்குப் போகவேண்டும், எது போகக் கூடாது என்று அவர் முடிவு செய்வார்.

மனம் உடைந்து இதைப் படிக்கும் பாடகர்கள் 73ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் இருப்பது ஆசாபின் பெயர். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் துதிபாட தாவீது நியமித்தவர்களில் தலைவர் அவர். அப்படிப்பட்டவரே, என் கால்கள் சறுக்கிவிட இருந்தன, நான் இருதயத்தைச் சுத்தம் பண்ணியதெல்லாம் வீண் என்று எண்ணினேன் என்கிறார். அவர் சோர்ந்துபோனார் என்பதற்காக அவர் பாட்டை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. அந்தச் சோர்வையே சங்கீத புத்தகத்தில் சேர்த்து இன்றுவரை நாம் வாசிக்கிறோம். ஆகவே யாரும் விலகாதீர்கள்.

மூன்றாம் வரிசை எழுதியது:

தம்பி, அந்தப் பெண்ணிடம் உடையைப் பற்றியும் தகப்பனைப் பற்றியும் பேசியது அநியாயம். அதில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை. ஆனால் மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் சிறுவயது முதல் மூன்றாம் வரிசையில் அமர்ந்து பாடி வந்தவன். இப்போது பாட முடியவில்லை. தொண்டை கெட்டுவிட்டதால் அல்ல. ஒலிப்பதிவில் ஒரு பாடகர் எந்தக் கட்டையில் பாடியிருக்கிறாரோ அதே கட்டையில் கோயிலிலும் தொடங்குகிறார்கள். அவருக்கு அது பொருந்தும், அவர் தனியாகப் பாடப் பயின்றவர். பல்லவி தாண்டிச் சரணம் மேலே ஏறும்போது, அறுபது வயதுக்காரர்களும் குரல் உடைகிற வயது ஆண்பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்கிறோம். கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால் சபை முழுவதும் பாடும். இதைச் சொன்னால் குறை சொல்கிறான் என்கிறார்கள்.

அதைவிட வருத்தம், உடனே ஒரு மீகாள் பட்டம் கிடைத்துவிடுவது. தாவீது உடன்படிக்கைப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுவந்து ஆடியபோது அவரை இகழ்ந்த மனைவி மீகாள். அவள் தாவீதின் பாட்டையோ சுருதியையோ குறை சொல்லவில்லை. ஊழியக்காரருடைய பெண்கள் பார்க்கும்படி ராஜா தன் கௌரவத்தை இழந்தார் என்று கொதித்தாள். "சபை பாட முடியவில்லை, இறக்கிப் பாடுங்கள்" என்று கேட்கிறவனுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அதே தாவீதின் ஊர்வலத்தில் கெனானியா பாடலுக்குத் தலைவனாக இருந்தது ஏன் என்று 1 நாளாகமம் 15இல் காரணமே எழுதியிருக்கிறது. அவன் அதிலே நிபுணனாக இருந்தான். நேர்த்தியாய் வாசியுங்கள் என்று 33ஆம் சங்கீதம் கட்டளையிடுகிறது. நேர்த்தியைக் கேட்பது பாவமா?

சுருதிப்பெட்டி எழுதியது:

ஐயா, நானும் பாடல் நடத்துகிறவள். மதுரைப் பக்கம். நீங்கள் சொன்ன 33ஆம் சங்கீதத்தின் அதே வசனம், "புதுப்பாட்டைப் பாடுங்கள்" என்றுதான் தொடங்குகிறது. பெரியவர்கள் பின்பாதியையும் வாலிபர்கள் முன்பாதியையும் எடுத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறோம்.

சுருதி விஷயத்தில் நீங்கள் சொன்னது முழு உண்மை. எங்கள் குழுவில் புதிய பாடல் எதையும் முதலில் கருவி இல்லாமல், இரண்டு அம்மாக்களையும் ஒரு தாத்தாவையும் உட்காரவைத்துப் பாடிப் பார்ப்போம். அவர்கள் குரல் எங்கே நின்றுபோகிறதோ அதற்குக் கீழே உச்ச சுரம் வருமாறு இறக்கிக்கொள்வோம். இறக்கினால் பாட்டின் எடுப்பு குறைகிறது என்று கிட்டார் வாசிக்கிற தம்பிகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

ஆனால் ஐயா, நீங்கள் மேலே எழுதியிருப்பது பயன்படுத்தக்கூடிய குறை. பாட்டு எந்த இடத்தில் ஏறுகிறது, என்ன செய்யவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எங்களுக்கு வாசலில் கிடைப்பது அப்படி இருப்பதில்லை. "இன்றைக்கு அபிஷேகம் இல்லை" என்கிறார்கள். "முன்பு இருந்தவர் மாதிரி வரவில்லை" என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை நான் எதைத் திருத்திப் பயிற்சி செய்வது? வீட்டுக்குப் போய் அழுவதைத் தவிர அதில் செய்ய ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சபைக்குத் தெரிவதில்லை. சனிக்கிழமை இரவு வரை பிரசங்க வசனம் வராது. வந்தபின் பாட்டை மாற்றவேண்டும். ஞாயிறு காலை தபேலா வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும். எங்கள் குரல் எங்களுக்கே கேட்கிற ஒலிபெருக்கி பல கோயில்களில் இல்லை. நம் குரல் நமக்குக் கேட்காமல் சுருதி சேர்ந்து பாடுவது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆர்மோனியம் எழுதியது:

இந்த வழக்கு மிகப் பழையது என்பதைச் சோர்ந்திருக்கிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இருபது வயது ஆர்கன் இசைஞர் ஒருவரை 1706 பிப்ரவரியில் ஜெர்மனியின் அர்ன்ஸ்டாட் நகரத் திருச்சபை மன்றம் கூப்பிட்டு விசாரித்தது. சபைப் பாடல்களுக்கு நடுவே விசித்திரமான மாறுதல்களைச் செய்கிறார், அந்நிய சுரங்களைக் கலக்கிறார், சபை குழம்பிப்போகிறது என்பது புகார். பாட்டுக்கு முன் வாசிப்பது மிக நீளம் என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அந்த இளைஞர் ஒரேயடியாகச் சுருக்கிவிட்டார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். காயப்பட்ட பாடகன் செய்வது அன்றும் இன்றும் ஒன்றுதான். அவர் பெயர் யோகான் செபஸ்தியான் பாக். மறு ஆண்டே அந்த ஊரை விட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொன்னவர்கள் யார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கிலாந்தில் இதற்கும் முன்பே, சபையாகச் சேர்ந்து பாடுவதே வேதத்தில் இல்லை என்று பாப்திஸ்துகளுக்குள் சண்டை. லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற போதகர் தம் சபையில் பாட்டைக் கொண்டுவந்தார். 1691இல் அதற்காக வாதாடி ஒரு நூலே எழுதினார். பாட்டைப் பொறுக்காமல் சிலர் அந்தச் சபையை விட்டே பிரிந்து போனார்கள்.

நம் தஞ்சாவூருக்கு வாருங்கள். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாத தமிழ்ச் சபை குறைவு. அவரையே பின்னால் வந்த மிஷனரிகள் 1829இல் மிஷன் வேலையிலிருந்து நீக்கினார்கள். சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்ததால் பிழைத்தார். நீக்கியவர்கள் போய்விட்டார்கள், பாட்டு நிற்கிறது.

மூன்றாம் வரிசை எழுதியது:

ஆர்மோனியம் ஐயா, வரலாற்றை எடுத்தால் முழுவதையும் எடுக்கவேண்டும். சாஸ்திரியாருக்கும் அந்த மிஷனரிகளுக்கும் நடந்த சண்டை பாட்டைப் பற்றியது மட்டும் அல்ல. கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று அவர்கள் நின்றார்கள். அவர் அந்த வழக்கத்தைக் காக்க வாதாடினார். அவர் கீர்த்தனைகளை நெஞ்சாரப் பாடுகிறவன் நான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவரை எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. நல்ல பாட்டு எழுதுகிறவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று வைத்தால் எங்கே போய் முடியும், பாருங்கள்.

பாக் கதையிலும் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு லூபெக் நகருக்கு இசை கேட்கப் போனவர், ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். மன்றத்தார் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அவர்கள் கையில் ஒரு சபை இருந்தது, அது ஒவ்வொரு ஞாயிறும் பாடவேண்டியிருந்தது. அவர் பிற்காலத்தில் யாராக ஆவார் என்பதை வைத்து அன்றைய சபையின் குழப்பத்தைத் தள்ளிவிட முடியாது. மேலும், எல்லாப் பாடகரும் பாக் அல்லர்.

ஆர்மோனியம் எழுதியது:

சாதி இருக்கைகளைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அதை நான் மறுக்கவில்லை, அந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனால் பாக் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். "நீளம்" என்று சொல்லத் தெரிந்தவர்கள், "இவ்வளவு நேரம் வாசித்தால் சபைக்குப் போதும்" என்று அருகில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் மறு எல்லைக்கு ஓடியிருப்பாரா? குறையைச் சொல்ல மன்றம் கூடியது. கற்றுக்கொடுக்க ஒருவரும் கூடவில்லை. அதே கெனானியாவைப் பற்றிய வசனத்தை மறுபடி வாசியுங்கள். அவன் கீதவித்தையைப் *படிப்பித்தான்* என்று இருக்கிறது. நிபுணனின் வேலை அது.

உபதேசியார் வீடு எழுதியது:

நான் கிராமச் சபை ஒன்றில் ஊழியம் செய்கிறவன். இருதரப்பும் பாடகரைப் பற்றியும் குறை சொல்கிறவரைப் பற்றியும் பேசுகிறீர்கள். நெகேமியா 13ஆம் அதிகாரம் மூன்றாவது ஆளைப் பிடிக்கிறது.

யூதாவின் ஆளுநரான நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்து பார்க்கிறார். ஆலயத்தில் பாடகர் இல்லை. விசாரித்தால், அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை, ஆகவே அவரவர் தங்கள் வயலுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிகிறது. அவர் வயலுக்குப் போய்ப் பாடகரைத் திட்டவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவனுடைய ஆலயம் கைவிடப்பட்டது ஏன் என்று அவர்களோடு வழக்காடினார். பிறகு பாடகரைச் சேர்த்து, அவரவர் நிலையில் வைத்தார்.

தாமிரபரணி தம்பி "விலகாதீர்கள்" என்று அந்தத் தங்கைக்குச் சொல்கிறார். சரி. ஆனால் அவள் விலகிய பிறகு, ஐயரும் கமிட்டியும் அவள் வீட்டுக்குப் போனார்களா? வாசலில் அவளை நிறுத்திவைத்துப் பேசியபோது பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? அவளுக்கு மாற்றாக இன்னொருவர் இருந்தாரா, இல்லை ஞாயிறுதோறும் அவளேதானா? தாவீதின் ஏற்பாட்டில் 288 பேர் தேர்ந்த பாடகர். 24 வகுப்பு, வகுப்புக்கு 12 பேர். பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்று பாராமல் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். நாம் ஒரு பிள்ளையின் தொண்டையில் மொத்த ஆராதனையையும் ஏற்றிவைக்கிறோம்.

தாமிரபரணி எழுதியது:

அண்ணன் கேட்டதற்குப் பதில்: ஒருவரும் போகவில்லை. "சின்னப் பெண், கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் என்னை இங்கே எழுதவைத்தது.

மூன்றாம் வரிசை ஐயாவுக்கு: உங்களைப்போல் சுருதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் எனக்கு விதியே வேண்டாம். ஆனால் வாசலில் பேசுகிறவர்களை யார் தரம் பிரிப்பது? பாடிமுடித்து இறங்கும்போது மனசு திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் விழுகிற சொல் நியாயமானதா இல்லையா என்று எடைபோட அவளால் முடியாது. செவ்வாய்க்கிழமை சொன்னால் முடியும். அதற்காகத்தான் ஞாயிறு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

ஆசாபும் அப்படித்தான் செய்தார். தம் மனதில் ஓடியதை அப்படியே பேசியிருந்தால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று 15ஆம் வசனத்தில் சொல்கிறார். பாட்டுத் தலைவரே நேரம் பார்த்து நாவை அடக்கினார் என்றால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது முடியாதா?

மூன்றாம் வரிசை எழுதியது:

ஞாயிறு வேண்டாம் என்பதற்குச் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. விதியை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. வாசலில் பேசத் தடை போட்டால், குறை சொல்கிறவன் அதைக் கைப்பேசிக் குழுவில் எழுதுவான். அது இதைவிட மோசம், அழியாது. எல்லாம் ஐயர் வழியாகத்தான் போகவேண்டும் என்றால், நல்லதைச் சொல்ல நினைக்கிறவர்களும் ஐயரைப் பார்க்க எப்போது நேரம் கிடைக்கும் என்று விட்டுவிடுவார்கள். சபைக்கே வாய் இல்லாமல் போகும்.

என் யோசனை வேறு. பயிற்சி நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் எங்களைப்போன்ற பழைய ஆட்களைக் கூப்பிடுங்கள். சுருதிப்பெட்டி அம்மா சொன்ன தாத்தாவாக நான் வந்து உட்காருகிறேன். என் குரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாமாலையின் நான்கு குரல்களில் ஆண்களுக்குரிய இரண்டும் எனக்குப் பாடம், சொல்லித் தருகிறேன். எனக்கும் புதிய பாட்டுகளை அங்கேயே சொல்லிக்கொடுங்கள். ஞாயிறு காலை திரையில் பார்த்து முதல்முறை பாடுவது எனக்கு முடியவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஐயா, எங்கள் ஊரில் இருந்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே நாற்காலி போட்டிருப்பேன். ஆனாலும் விதி விஷயத்தில் நான் தாமிரபரணி தம்பியின் பக்கம். உங்களைப்போல் வந்து உட்காரச் சம்மதிக்கிறவர்கள் வரும்வரையாவது அந்த ஒரு நாள் எங்களுக்கு வேண்டும்.

அந்தத் தங்கைக்குச் சொல்ல விரும்புவதை இங்கே எழுதுகிறேன், தம்பி. அவளிடம் காட்டுங்கள். உடனே திரும்பி மைக்கைப் பிடிக்கவேண்டும் என்று யாரும் அவளை நெருக்கவேண்டாம், நீங்களும்தான். சில வாரம் சபையோடு உட்கார்ந்து, யாரோ நடத்தப் பாடட்டும். ஆசாபுக்குத் தெளிவு கிடைத்தது பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோதுதான் என்று 17ஆம் வசனம் சொல்கிறது. அங்கே அவர் பாட்டு நடத்தினார் என்று எழுதியில்லை, போனார் என்றுதான் இருக்கிறது. துப்பட்டாவைப் பற்றிச் சொன்னதையும் அப்பாவைப் பற்றிச் சொன்னதையும் அவள் திரும்ப நினைக்கவே வேண்டாம், அவற்றில் திருத்த ஒன்றும் இல்லை. பாமாலையைப் பற்றிச் சொன்னதை மட்டும், அழுகை தீர்ந்த பிறகு, தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாடிப் பார்க்கட்டும். மெட்டில் பிசகு இருந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

முறைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லி ஐயரிடம் யாராவது இந்த வாரமே பேசுங்கள்.