மர டெக்குக்கு சீலரா, ஸ்டெயினா? பூசிப் பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

திறந்தவெளி மரத் தளத்துக்குப் பூச்சு தேடும்போது எல்லோரும் கேட்பது, எது ரொம்ப நாள் தாங்கும் என்று. அதைவிட முக்கியமான கேள்வி, அது கெடும்போது எப்படிக் கெடும் என்பது. மரத்துக்குள் ஊறி நிறம் தரும் எண்ணெய் ஸ்டெயின் மெல்ல வெளுக்கும். கழுவிக் காயவைத்து மேலே ஒரு கோட் கொடுத்தால் போதும். வார்னிஷ், பாலியூரிதேன், மரமே தெரியாமல் மூடும் கெட்டி ஸ்டெயின் எல்லாம் மேலே படலமாக நிற்பவை. இவை செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைசியில் முழுத் தளத்தையும் சுரண்ட வேண்டிவரும். சுவர்ப் பலகையில் நன்றாக நிற்கும் அதே படலம் தரையில் ஏன் நிற்பதில்லை? தரையில் தண்ணீர் தேங்குகிறது. ஸ்க்ரூ துளை, பலகை முனை வழியாக உள்ளே இறங்குகிறது. வெயில் ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகி, படலத்தை அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. மேலே காலடித் தேய்மானம் வேறு.

* * *

தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசும் நிறமில்லாத சீலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தின் இயல்பு நிறம் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் பலர் அதை வாங்குகிறார்கள். அது தண்ணீரைத்தான் தடுக்கும், வெயிலை அல்ல. மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைப்பதால்தான் பலகை சாம்பல் நிறமாகிறது. அந்தக் கதிரை மறிப்பது முக்கியமாக நிறமிதான். அதனால் நிறமில்லாதது ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. மர ரேகை தெரியும்படியான நிற ஸ்டெயின் இரண்டு, மூன்று வருஷம் வரும். சிலிகான் கலந்த சீலரைத் தொடாதீர்கள். அடுத்த முறை எதைப் பூசினாலும் ஒட்டாது.

* * *

புதுப் பலகையை உடனே பூசக் கூடாது. மக்காமல், பூச்சி அரிக்காமல் இருக்க அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் பெரும்பாலும் ஈரமாகவே வரும். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். கருவி இல்லையென்றால் பலகையின் பல இடங்களில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் பூசலாம். முத்தாக நின்றால் மரம் இன்னும் ஈரம், அல்லது பழைய பூச்சு மிச்சம், அல்லது இழைப்பு இயந்திரம் மேற்பரப்பை வழவழப்பாக மழுக்கிவிட்டிருக்கிறது. மழுங்கல் என்றால் 60 அல்லது 80 எண் உப்புத்தாள் போதும். 150, 220 என்று பளபளப்பாக்கினால் துளைகள் அடைபட்டு ஸ்டெயின் இறங்காது. பழைய டெக் ஆர்செனிக் கலந்த மருந்தேற்றியதாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நஞ்சு.

* * *

சுத்தம் செய்வதில்தான் பாதி டெக்குகள் கெடுகின்றன. குளோரின் ப்ளீச் பாசியை வெளுக்கச் செய்யும், ஆனால் மர நாரையும் பஞ்சாக்கும். சோடியம் பெர்கார்பனேட் கரைசலைத் தெளித்து, 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, விறைப்பான நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வூல் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருந்திட்டாகும். ஏற்கெனவே அப்படித் திட்டு இருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் எடுத்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம், ப்ளீச்சோடு எந்தக் காரணத்துக்கும் கலக்கக் கூடாது. பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் பலகையில் பள்ளம் விழும். விரிந்து பீய்ச்சும் 40 டிகிரி முனை, ஒரு அடி தூரம், குறைந்த அழுத்தம். பிறகு குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும்.

* * *

பூசும்போது டப்பாவை ஆரம்பத்தில் மட்டும் கலக்கினால் போதாது. நிறமி அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று டப்பா வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், நிற வேறுபாடு வராது. வழவழப்பான பலகையில் லிட்டருக்குச் சுமார் 40 முதல் 90 சதுர அடி வரை வரும். சொரசொரப்பான பழைய மரம் அதைவிட நிறையக் குடிக்கும். நேர் வெயிலில் வேண்டாம், ஊறுமுன் மேலேயே காய்ந்துவிடும். ஒரு முனையில் ஆரம்பித்த பலகையை மறுமுனை வரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பலகைக்கு மேல் எடுக்கக் கூடாது. நடுவில் விட்டுத் திரும்ப வந்தால் பூச்சு ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம் கருப்பாகத் தெரியும். ரோலரில் பரப்பினாலும் பிரஷ்ஷால் ஒருமுறை இழுத்துவிடுங்கள். 15, 20 நிமிடத்தில் உறிஞ்சாமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தே ஆக வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் அது காயாமல் பிசுபிசுவென்று கிடந்து அழுக்கைப் பிடிக்கும். ஈப்பே மாதிரி அடர்ந்த மரம் மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதற்கு மெல்லிய ஒரே கோட். பலகை முனைகளை மட்டும் எந்த மரமானாலும் இரண்டு முறை நனையுங்கள். தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான், வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான்.

* * *

துடைத்த துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு உண்டாகிறது. துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பற்றலாம். ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வேலை முடிந்த கையோடு செய்ய வேண்டியது இது.